இருபத்து மூன்றாம் எண் அக்கா

தைவானில் மேல்நிலைப் பள்ளியில் சேர்ந்தால் முதல் வாரமே உங்களுக்கு ஓர் அண்ணனோ அக்காவோ கிடைத்துவிடுவார். பெற்றவர்களுக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை. வகுப்பில் உங்கள் வரிசை எண் எதுவோ, மேல் வகுப்பில் அதே எண்ணுக்கு உரியவர் உங்களுக்குச் சொந்தம். பழைய நோட்டுகளைக் கொடுப்பது, எந்த ஆசிரியர் எதற்கு எரிந்து விழுவார் என்று முன்கூட்டியே சொல்லி வைப்பது, பரீட்சைக்கு முன் தின்பதற்கு ஏதாவது வாங்கித் தந்து தைரியம் சொல்வது எல்லாம் அவர் பொறுப்பு. ஆனால் எல்லாம் அவரவர் அதிர்ஷ்டம். சிலருக்கு வாய்க்கிற அண்ணன் மேசையில் ஒரு பிஸ்கட் பாக்கெட்டைப் போட்டுவிட்டுப் போவான். அதற்குப் பிறகு அவனைப் பார்க்க வேண்டுமென்றால் பள்ளி முடித்து விடைபெறும் விழாவில்தான் பார்க்கலாம்.

பெய்-ரோங்கின் எண் இருபத்து மூன்று. முதல் வாரத்து வெள்ளிக்கிழமை மதியம், வகுப்பு வாசலில் ஒருத்தி வந்து நின்றாள். கட்டையாக வெட்டிய தலைமுடி, கையில் ஜவ்வரிசி உருண்டை மிதக்கும் பபுள் டீ இரண்டு.

"இருபத்து மூணு யாரு? எந்திரி, உன் தலையெழுத்து வந்திருக்கு!"

வகுப்பே சிரித்தது. பெய்-ரோங் எழுந்தபோது முழங்கால் மேசையில் இடித்துக்கொண்டது. வலி தெரியவில்லை.

அவள்தான் சூ ஜி-சிங். தைவானிய மொழி ஒப்புவித்தல் போட்டியில் மாவட்டத்திலேயே முதல் பரிசு வாங்கியவள். பள்ளியில் மாண்டரின் சீனமே பேசிப் பழகிய இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு, தாத்தா பாட்டி பேசும் அந்த வீட்டு மொழியில் நாலு வாக்கியம் சேர்ந்தாற்போல் வராது. அவளோ மேடையில் நின்று பேசினால் பின் வரிசையில் தூங்கும் வாட்ச்மேன்கூட விழித்துக்கொள்வார். வாக்கியத்தின் கடைசிச் சொல்லுக்கு முன்னால் மூச்சை ஒரு நொடி பிடித்து வைப்பாள். கேட்பவர்களும் சேர்ந்து மூச்சைப் பிடிப்பார்கள். பிறகு அந்தச் சொல்லை விடுவாள்.

பெய்-ரோங் அன்றே விழுந்துவிட்டாள். காதல் என்று நினைக்க வேண்டாம். காதல்கூடக் கண்ணை அவ்வளவு மறைக்காது. அவளுடைய அப்பா மோட்டார் சைக்கிள் பழுது பார்ப்பவர், அம்மா காலைச் சிற்றுண்டிக் கடையில் முட்டைச் சுருள் போடுபவள். தன் வீட்டில் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை என்று அவளாகவே முடிவு கட்டியிருந்தாள். இப்போது சொல்லிக்கொள்ள ஓர் அக்கா கிடைத்தாள். விடுவாளா?

முதலில் உண்மையைத்தான் சொன்னாள். அக்கா எனக்குக் கணக்கு நோட்டு கொடுத்தாங்க, அக்கா என் தலையில தட்டுனாங்க. தோழி யூ-ஷானுக்கு இதெல்லாம் போதவில்லை.

"சனிக்கிழமை அக்காவைக் கூப்பிடேன், நாம மூணு பேரும் படத்துக்குப் போலாம்" என்றாள் ஒருநாள்.

"சனிக்கிழமை அவங்களுக்கு வேலை இருக்குமாம்."

"என்ன வேலை?"

பெய்-ரோங் அக்காவிடம் அதைக் கேட்டதில்லை. கேட்டால் அசடு என்று நினைத்துவிடுவாளோ என்ற பயம். ஆனால் 'தெரியாது' என்று சொன்னால் யூ-ஷான் மேலே கீழே பார்ப்பாள்.

"பியானோ" என்றாள். "தாய்ச்சுங் சிட்டிக்குப் போய்க் கத்துக்கிறாங்க."

சொன்ன பிறகு பார்த்தால், அது அக்காவுக்கு எவ்வளவு பொருத்தமாக இருந்தது! அவளுடைய அந்த நீண்ட விரல்களுக்கு வேறு என்ன வேலை இருக்க முடியும்? அடுத்த வாரம், அவ்வளவு சுத்தமான தைவானிய மொழி அவங்களுக்கு எப்படி வந்தது என்று இன்னொருத்தி கேட்டபோது, அக்காவின் அப்பா பேராசிரியர் ஆனார். மொழி ஆராய்ச்சி செய்பவர், வீட்டில் சுவர் முழுக்கப் புத்தகம். பிறகு வீட்டுக்கு மாடி வந்தது. மாடியில் ரோஜாத் தொட்டிகளும் வந்தன. தான் புளுகுகிறோம் என்று பெய்-ரோங்குக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. இருப்பதைக் கண்டுபிடித்துச் சொல்வதாகவே நினைத்தாள். ஒரு வகுப்பில் சொன்னது அடுத்த வகுப்புக்குப் போக எவ்வளவு நேரமாகும்? குளிர்காலம் வருவதற்குள் முதலாண்டுப் பிள்ளைகள் பாதிப் பேருக்குப் பேராசிரியரின் மகளைத் தெரிந்திருந்தது.

குளிர்காலத்தில் பெய்-ரோங்கின் தாத்தா இறந்துபோனார்.

கடலோரத்து ஊரில் பழைய வீடு. வாசலை அடைத்துப் பந்தல் போட்டிருந்தார்கள். இரண்டு பக்கமும் குளிர்பான டப்பாக்களை அடுக்கிக் கட்டிய கோபுரங்கள், மலர்வளையம் போல உறவினர்கள் அஞ்சலிக்கு அனுப்பியவை. எல்லோரும் வந்துவிட்டார்கள், சின்ன அத்தையைத் தவிர. அவள் கனடாவில் இருந்தாள். மகளுக்கு இன்றோ நாளையோ பிரசவம், விட்டுவிட்டு வர வழியில்லை. ஆகவே வழக்கப்படி, தனக்குப் பதிலாக அழுவதற்கு ஆள் ஏற்பாடு செய்திருந்தாள். மகள் அழாமல் தகப்பனை அனுப்பலாமா?

அந்தச் சனிக்கிழமை அடக்கம் செய்ய நல்ல நாள் என்பதால் மாவட்டத்தில் எங்கு பார்த்தாலும் சாவு ஊர்வலம். அழும் குழு தாமதமாகத்தான் வந்தது. தெருமுனையில் வேன் நிற்கும் சத்தம் கேட்டது. பிறகு ஒலிபெருக்கியில் ஒரு குரல்.

"அப்பா... உங்க கடைக்குட்டி வந்துட்டேன்ப்பா... கடல் தாண்டி நான் வர்றதுக்குள்ள கண்ணை மூடிட்டீங்களே..."

வெள்ளை உடுப்பு, முகத்தை மறைக்கும் சணல் முக்காடு. தெருவிலிருந்து தவழ்ந்துகொண்டே வந்தாள் அந்தப் பெண். சிமெண்டுத் தரையில் முழங்கால் தேய்ந்தது. ஒரு கையில் மைக்.

"சின்ன வயசுல என்னைத் தோள்ல தூக்கிட்டு கோயிலுக்குப் போனீங்களே... இனிமே நான் யாரை..." ஒரு நொடி மூச்சு நின்றது. பந்தலில் இருந்த எல்லோருடைய மூச்சும் நின்றது. "...அப்பான்னு கூப்பிடுவேன்?"

பெய்-ரோங் எட்டிப் பார்த்தாள். இந்தக் குரல். இந்த மூச்சு.

அவளுடைய அப்பா அதுவரை அழவில்லை. பந்தல்காரரோடு பேசுவதும் விருந்தினருக்கு நாற்காலி போடுவதுமாக மூன்று நாளாக ஓடிக்கொண்டிருந்தார். அந்தச் சொல் விழுந்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். பெரியப்பா அழுதார். அத்தைமார் சவப்பெட்டியைக் கட்டிக்கொண்டார்கள். அழாமல் நின்றது பெய்-ரோங் ஒருத்திதான். சவப்பெட்டியின் அருகே வந்ததும் அந்தப் பெண் முக்காட்டைச் சற்று விலக்கினாள். கண்ணீரும் வியர்வையும் வழிந்த அந்த முகம் ஜி-சிங் அக்காவின் முகம்.

பெய்-ரோங் டப்பாக் கோபுரத்துக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள். தாத்தா செத்துக் கிடக்கிறார், அப்பா தரையில் கிடந்து அழுகிறார், இவளுக்கு வந்த துக்கம் பியானோவைப் பற்றியது. யூ-ஷானுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்பதைப் பற்றியது. அதைவிடக் கேவலமான ஒன்றும் மனதில் ஓடியது. 'அக்கா எனக்கு இப்படிப் பண்ணிட்டாங்களே' என்று நினைத்தாள். ஏதோ அக்கா அவளிடம் சத்தியம் செய்து கொடுத்து மீறிவிட்டது போல.

சடங்கு முடிந்ததும் அம்மா கூப்பிட்டாள்.

"பெய்-ரோங், தீட்டுக் கழியக் காசு வெச்ச இந்தச் சிவப்பு உறையெல்லாம் அந்தக் குழுவுக்குக் கொடுத்துட்டு வா. ரெண்டு கையாலயும் கொடு. தீட்டோட அவங்க வீடு போய்ச் சேரக் கூடாது. அந்தப் பொண்ணுகிட்ட நம்ம வீட்டுல எல்லாரும் நன்றி சொன்னதாச் சொல்லு. உங்கப்பாவை அழ வெச்சிருச்சே, புண்ணியவதி. மனுஷன் அழாமலே இருக்காரேன்னு மூணு நாளாப் பயந்துட்டே இருந்தேன்."

பெய்-ரோங் உறைகளை வாங்கிக்கொண்டு நாலடி நடந்தாள். வேனின் கதவு திறந்திருந்தது. உள்ளே கட்டையான தலைமுடி தெரிந்தது. அவள் திரும்பி, பெரியப்பா மகன் போ-வேய் கையில் உறைகளைத் திணித்தாள். அவன் கல்லூரியில் முதலாண்டு. கைப்பேசி அவனுடைய ஆறாவது விரல்.

"அண்ணா, நீ கொடுத்துடு. எனக்கு வயித்தவலி."

கொஞ்ச நேரத்தில் அவன் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தான்.

"இதைப் பாரேன். இப்பதான் உலகமே இடிஞ்ச மாதிரி அழுதா. அங்க வேன்ல உக்காந்து கோழிக்கால் கடிச்சுக்கிட்டு கிளுகிளுன்னு சிரிக்கிறா! ரெண்டையும் ஒட்டி வீடியோ பண்ணிட்டேன். சின்னப் பொண்ணுதான். உங்க ஸ்கூல் பை வெச்சிருந்தா. தெரியுமா உனக்கு?"

"எங்க ஸ்கூலா? இருக்காது. எங்க ஸ்கூல்ல இப்படியெல்லாம் யாரு இருக்கா."

"அப்போ போட்டுரலாம்ல? நல்லா ஓடும்."

இது என் அக்கா, அழித்துவிடு என்று சொல்ல ஒரு மூச்சு போதும். போ-வேய் குறும்புக்காரனே தவிரக் கெட்டவன் அல்ல, சொல்லியிருந்தால் அழித்திருப்பான்.

"போட்டுக்கோ" என்றாள் பெய்-ரோங். "எனக்கென்ன."

வீடியோ திங்கட்கிழமை காலையிலேயே பள்ளிக்கு வந்துவிட்டது. பெயர் போடாமல் பிள்ளைகள் ஆத்திரம் கொட்டும் இணையப் பக்கம் ஒன்று எல்லாப் பள்ளிக்கும் உண்டு. அதில் யாரோ ஏற்றி, மேலே எழுதியிருந்தார்கள்: 'பேராசிரியர் மகளாம், பியானோவாம், மாடியில் ரோஜாவாம். இதோ சனிக்கிழமைக் கச்சேரி!' கீழே நூற்றுக்கணக்கில் சிரிப்பு. அழுகிற தொழிலை யாரும் அதிகம் திட்டவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். பாதிப் பேர் வீட்டுச் சாவுக்கு அப்படி ஒருத்தி வந்து அழுதுவிட்டுப் போயிருப்பாள். பொய்யைத்தான் திட்டினார்கள். வெட்கங்கெட்டவள், அப்பன் ஆத்தாளை மறைத்தவள், மேடையில் பேசுவதும் நடிப்பு, எல்லாமே நடிப்பு.

மத்தியானத்துக்குள் தாழ்வாரத்தில் பையன்கள் அக்காவைக் கண்டதும் "அப்பா..." என்று ஊளையிட ஆரம்பித்தார்கள். பெய்-ரோங் கழிப்பறையில் நின்று போ-வேய்க்குப் போன் செய்து கெஞ்சினாள். அவன் பதறிப்போய் அழித்தான். அதனால் என்ன பயன்? பிரதி எடுத்தவர்களிடம் அது பத்திரமாக இருந்தது.

யூ-ஷான் பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவள் தோளில் கை போட்டாள்.

"பாவம்டி நீ. உன்னை எப்படி ஏமாத்தியிருக்காங்க பாரு. நீ எவ்வளவு நம்புன."

பெய்-ரோங் தலையாட்டினாள்.

நான் வேண்டுமென்றே தலையாட்டவில்லை, கழுத்து தானாக அசைந்தது என்று அன்றிரவு தனக்குத் தானே வாதாடிப் பார்த்தாள். எடுபடவில்லை. சுற்றி உட்கார்ந்து மூன்று பெண்கள் அவளுக்கு ஆறுதல் சொன்னார்கள். ஒருத்தி சாக்லேட் கொடுத்தாள். அதைத் தின்றதும் அவள்தான்.

புதன்கிழமை, பிள்ளைகளே பள்ளியைச் சுத்தம் செய்யும் துப்புரவு நேரத்தில், அக்காவைத் தேடிப் போனாள். எல்லோரும் துடைப்பமும் வாளியுமாக இருக்கும் வேளை. ஜி-சிங் அக்கா பள்ளியின் பின்புறத்தில், குப்பை பிரிக்கும் கொட்டகையில் தனியாக அட்டைப் பெட்டிகளை மிதித்துத் தட்டையாக்கிக்கொண்டிருந்தாள். பெய்-ரோங்கின் கையில் இரண்டு பபுள் டீ. வரும் வழியெல்லாம் ஒரு காட்சி அவள் மனதில் ஓடியது. தான் அழுவாள், அக்கா பெருமூச்சு விட்டு, தலையில் தட்டி, 'போடி அசடு' என்பாள். அக்கா அப்படித்தானே? அவ்வளவு பெரிய மனது.

"அக்கா, சாரிக்கா."

"எதுக்கு?"

"எல்லாத்துக்கும்."

"எல்லாத்துக்கும்னா எனக்குப் புரியாது. வாயத் திறந்து சொல்லு."

சொன்னாள். பியானோவிலிருந்து 'எனக்கென்ன' வரைக்கும். ஜி-சிங் அட்டைப் பெட்டியை மிதிப்பதை நிறுத்திவிட்டாள்.

"நீயா?" என்றாள். "பேராசிரியர் கதை உன்னோடதா? நான் எங்க வகுப்புப் பையன் எவனோன்னு தேடிக்கிட்டிருக்கேன்."

"கெட்ட எண்ணத்துல சொல்லலக்கா. உங்களை எனக்கு அவ்வளவு பிடிக்கும்."

"என்னையா? அந்தப் பேராசிரியர் மகளையா?"

பெய்-ரோங் டீ இரண்டையும் ஒரு பெட்டியின் மேல் வைத்தாள்.

"எங்கம்மா அழற குழு நடத்துறது எங்க வகுப்புல எல்லாருக்கும் தெரியும். கூடப் படிக்கிற ஷாவ்-டிங்கோட தாத்தாவுக்கு நான்தான் அழுதேன். மறுநாள் அவ எனக்கு டீ வாங்கிக் கொடுத்தா. நான் எதைடி மறைச்சேன்? நேத்து டீச்சர் கூப்பிட்டு, 'அம்மா தொழிலை நெனச்சு வெக்கப்படாதம்மா, பொய் சொல்லாதம்மா'ன்னு என் கையப் பிடிச்சுக்கிட்டு ஆறுதல் சொல்றாங்க. வெக்கம் எனக்கா? எங்கம்மா அந்த வீடியோவுக்குக் கீழ இருந்ததெல்லாம் படிச்சுட்டு என்ன கேட்டாங்க தெரியுமா? 'நம்மளப் பத்தி ஸ்கூல்ல மாத்திச் சொன்னியாடி?'ன்னு. இல்லம்மான்னு சொன்னேன். நம்புனாங்களான்னு தெரியல."

அப்போதுதான் பெய்-ரோங்குக்கு நிஜமாகவே அழுகை வந்தது. மூக்கை உறிஞ்சினாள்.

"அழாத. இந்த அழுகைக்கு எங்கம்மா அரைக் கூலிகூடக் குடுக்க மாட்டாங்க." சிரிப்புக்காகச் சொன்னது போல இருந்தாலும் ஜி-சிங் சிரிக்கவில்லை. "உங்க வீட்டுல நீ ஓடி ஒளிஞ்சதைப் பாத்தேன். சின்னப் பொண்ணு, கூச்சம், போகட்டும்னு விட்டேன். தாத்தா போன வருத்தத்துல இருக்கியேன்னு திங்கக்கிழமை உன்னைப் பாக்க வரலாம்னுகூட இருந்தேன். ஒரே ஒரு தடவை, 'சனிக்கிழமை எங்கக்கா போறீங்க'ன்னு நீ என்னைக் கேட்டிருக்கலாம்ல? சொல்லியிருப்பேனே."

"மன்னிச்சுருங்கக்கா."

"இல்ல."

பெய்-ரோங் நிமிர்ந்து பார்த்தாள். அந்த முகத்தில் பெரிய மனது எதுவும் தெரியவில்லை. கோபத்தில் காது சிவந்திருந்தது. உதட்டோரத்தில் ஒரு பரு. பதினேழு வயதுப் பெண் ஒருத்தி அழுகையை அடக்கிக்கொண்டு நின்றாள்.

"சிரிச்சுக்கிட்டே பரவால்லன்னு சொல்லுவேன்னு வந்தியா? எனக்குக் கோவமா இருக்கு. எப்பப் போகும்னு எனக்கே தெரியாது. எங்கிட்ட வந்து சொல்லி என்ன ஆகப்போகுது? யாருகிட்ட அளந்தியோ அங்க போய்ச் சொல்லு. இந்த டீயை எடுத்துட்டுப் போ."

மறுநாள் மதியச் சாப்பாடு முடிந்து, எல்லோரும் மேசையில் தலை சாய்த்துத் தூங்கும் நேரத்துக்குச் சற்று முன்பு, பெய்-ரோங் கரும்பலகைக்கு முன்னால் போய் நின்றாள். ஒருவரும் கவனிக்கவில்லை. இரண்டாவது முறை கத்தித்தான் கூப்பிட வேண்டியிருந்தது.

"ஜி-சிங் அக்கா பொய் சொல்லல. பேராசிரியர், பியானோ, மாடி எல்லாம் நான் சொன்னது. அவங்களுக்கே தெரியாது. வீடியோ எங்க வீட்டுச் சாவுல எடுத்தது. எங்கண்ணன் எடுத்தான். போட்டுக்கோன்னு சொன்னது நான்."

சாப்பாட்டுப் பெட்டிகளை மூடும் சத்தம் நின்றது. யாரோ விசிலடித்தார்கள். சாக்லேட் கொடுத்தவள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். பின் வரிசைப் பையன் ஒருவன், "அப்போ நீ பேராசிரியர் மகளா?" என்றான். சிலர் சிரித்தார்கள். அவள் முகம் எரிந்தது. ஆனாலும் நின்றாள். முடிந்துவிட்டது, சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று என்று உள்ளுக்குள் ஒரு சின்ன ஆறுதல்கூட எட்டிப் பார்த்தது.

யூ-ஷான் மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்குக் கோபமும் இருந்தது, அதைவிட அதிகமாகக் குழப்பம் இருந்தது. நாலு மாதமாகக் கேட்ட கதை ஆயிற்றே.

"சரி, அதெல்லாம் பொய்யின்னா உண்மையில அவங்க எப்படிடி?" என்று கேட்டாள். நையாண்டி இல்லை, நிஜமாகவே கேட்டாள். "நீதானே எப்பவும் கூடவே சுத்துன. அவங்களுக்கு என்ன பிடிக்கும்? வீட்டுல எத்தனை பேரு? படிச்சு முடிச்சுட்டு என்ன பண்ணப் போறாங்களாம்? ஏதாவது ஒண்ணு சொல்லேன்."

பெய்-ரோங் வாயைத் திறந்தாள். எத்தனை மதியங்கள் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாள், எவ்வளவு பேசியிருக்கிறாள். எல்லாம் இவள் பேசியது. அல்லது அக்கா பேசும்போது, இதை யூ-ஷானிடம் எப்படிச் சொல்லலாம் என்று இவள் யோசித்துக்கொண்டிருந்தது. ஒரு தம்பி இருப்பதாக அக்கா சொன்னாளா? தங்கையா?

தூக்க மணி அடித்தது. ஒவ்வொருவராக மேசையில் தலை கவிழ்த்தார்கள். யூ-ஷான் மட்டும் இன்னும் பதிலுக்காகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியாதுடி" என்றாள் பெய்-ரோங்.

யூ-ஷானும் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.